பத்தொன்பதாம் தேதி சீர்

உங்கள் அக்காவைக் கைநீட்டி அடித்தவனுடைய செல்ஃபிகள் அழியாமல் இருக்க, உங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பணம் கட்டியிருக்கிறீர்களா? நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பத்தொன்பதாம் தேதியும் காலை ஒன்பதரை வாக்கில், கப்பலூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் போய் உட்காரும் நேரத்துக்கு, போன் ஒருமுறை அதிரும். பணம் போய்விட்டது என்று மெசேஜ். அது போனால்தான் எனக்கு மூச்சு வருகிறது. கேனத்தனமாக இருக்கிறதா? முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

இது ஆரம்பித்தது அக்காவின் தலை தீபாவளியில். எங்கள் வீடு உசிலம்பட்டி. மாப்பிள்ளைக்குக் காளவாசலில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, வீடும் கடைக்குப் பின்னாலேயே. நான் மச்சான் என்பேன், அவன் மாப்ள என்பான். அப்போதெல்லாம் 'அவர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த மரியாதை எனக்கு டைப் அடிக்கக்கூட வரவில்லை.

தலை தீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில் சீர் செய்வார்கள். அப்பா அம்மா செய்வது ஒன்று. வேலைக்குப் போகிற மச்சினன் வீட்டில் இருந்தால் அவன் கணக்கு தனி. எனக்கு வேலை கிடைத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு மோதிரம் எடுத்துப் போடுடா என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கோ பி.இ. முடித்த திமிர். எல்லாரும் போடுகிற மோதிரத்தை நானும் போட்டால் நாலு வருடம் படித்ததற்கு என்ன மரியாதை? இந்த வீட்டில் ஒருத்தருக்கும் புரியாத ஒன்றைச் செய்து எல்லாரையும் வாயடைக்க வைக்க வேண்டும் என்று திரிந்தேன்.

தீபாவளியன்று காலையில் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டே மச்சான் இடது கையால் போனில் போட்டோக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான். இடமில்லை, இடமில்லை என்று அந்தப் போன் கத்திக்கொண்டே இருக்கும். கடைச் சரக்கு, பில், கல்யாணம், ஹனிமூன் என்று எல்லாம் அதற்குள்தான். மாதம் கொஞ்சம் கட்டினால் கிளவுடில் எம்புட்டு வேண்டுமானாலும் இடம் கிடைக்குமே என்றேன். நெட்டில் கார்டு நம்பரைப் போட மாட்டேன், போட்டவனெல்லாம் நாசமாகப் போனான் என்றான். எனக்கு வேண்டிய வாய்ப்பு வந்துவிட்டது. பேங்க் ஆப்பைத் திறந்து விர்ச்சுவல் கார்டு ஒன்றை உருவாக்கி அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். பிளாஸ்டிக் கிடையாது, வெறும் பதினாறு இலக்க நம்பர். மாதம் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று கட்டிப்போடலாம். பிடிக்கவில்லையென்றால் ஒரே தட்டில் பூட்டிவிடலாம்.

"இல்லாத கார்டுல இருந்து இருக்கிற காசு எப்படி மாப்ள போவும்?" என்றான்.

"போவும் மச்சான். நீங்க சோத்தத் தின்னுக்கிட்டே பாருங்க."

"எவனாச்சும் நம்பரத் திருடிட்டா?"

"திருடட்டுமே. பூட்டிட்டுப் போயிருவேன். சாவி என் வெரல்ல இருக்கு."

அவனுடைய அக்கவுண்டிலேயே பெரிய பிளானாக எடுத்து, பணம் கட்டுகிற இடத்தில் என் விர்ச்சுவல் கார்டை ஏற்றினேன். பாஸ்வேர்டையும் என்னிடமே சொல்லிவிட்டான். நீயே பாத்துக்க மாப்ள, எனக்கு இதெல்லாம் தலைவலி என்றான். அம்மாவுக்கு மட்டும் திருப்தியில்லை.

"சீருன்னா கண்ணுல தெரியணும்டா. நாளைக்கு அவுக வீட்டு ஆளுக, ஒம் மச்சினன் என்ன செஞ்சான்னு கேட்டா இவரு எதத் தூக்கிக் காட்டுவாரு?"

"தட்ட எடுத்துட்டு வாம்மா, தெரிய வச்சிருவோம்" என்றாள் அக்கா. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

தாம்பாளம் வந்தது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், அதன் நடுவில் 'பணம் செலுத்தப்பட்டது' என்று பச்சை டிக் எரிகிற போன். அணைந்துவிடாமல் இருக்க அப்பா அதை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார். நான் தட்டை நீட்ட, மச்சான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அப்போது நான் விட்ட டயலாக் இன்றும் என் காதிலேயே இருக்கிறது.

"மோதிரமெல்லாம் ஒரு தடவையோட முடிஞ்சிரும் மச்சான். இது நான் இருக்கிற வரைக்கும் மாசாமாசம் வரும்."

அந்த வாயைத் தைத்திருக்கலாம்.

அடுத்த வாரம் இன்னொரு கேனத்தனம் செய்தேன். கல்யாண வீடியோ எடுத்த அண்ணனிடம் இருப்பது ஒரே ஒரு பெரிய டிஸ்க். ஒரு கல்யாணத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்த பிறகு, முழு வீடியோவை அழித்துவிட்டு அதிலேயே அடுத்த கல்யாணத்தை ஏற்றுவார். அழிப்பதற்கு முன் ஒரு நாள் கொடுங்கள் அண்ணே என்று கெஞ்சி வாங்கி லேப்டாப்பில் ஏற்றினேன். மச்சான் கடையில் நெட் வேகம். இரண்டு நாள் அங்கேயே ஆயில் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து, முழுவதையும் அவன் கிளவுடில் போட்டேன். புது சீரில் இடம் கொள்ளாமல் கிடந்ததே. மத்தியானம் பரோட்டா வாங்கிக் கொடுத்து, எல்லாம் ஏறிருச்சா மாப்ள என்று விசாரித்தான். ஏறியதும் லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டேன். கிளவுடில் இருக்கும்போது இது எதற்கு?

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா ஒரே ஒரு பையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடது காதுக்குக் கீழே வீங்கியிருந்தது. கடையைப் பெரிதாக்க அவளுடைய நகையை அவளிடம் கேட்காமலே எடுத்து அடகு வைத்திருக்கிறான். எங்கே என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் அந்த வீக்கம். அது எங்கள் அப்பா போட்ட நகைகூட இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து, சம்பளத்தில் நகைச்சீட்டுக் கட்டி அவளே சேர்த்தது. ஒவ்வொரு வருடமும் சீட்டு முடிந்து ஒரு சாமான் எடுத்து வரும்போது என்னைத்தான் கூட்டிப் போவாள். எந்த வளையல் எந்த வருடம் என்று எனக்கே தெரியும்.

"எனக்கு அவன் வேணாம்டா தம்பி. என் நகை வேணும். அத வச்சுத்தான் நான் நிக்கணும்" என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் கேட்பது அது ஒன்றுதான்.

எங்கள் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசினோம். அவனுடைய அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நகையா, என்ன நகை? கல்யாணத்தன்னைக்குக் கழுத்துல கெடந்தது வாடகைச் செட்டு. மறுநாளே கடையில திருப்பிக் குடுத்தாக. நாங்க கெட்ட பேரு வேணாமுன்னு வாயத் தொறக்கல."

அக்கா நேராக அவரைப் பார்த்தாள். "அத்தை, சீரத் தட்டுல வச்சுக் குடுத்தப்ப நீங்கதான போன்ல டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணுலயும் ஹால்மார்க் முத்திரை பாத்தீங்க?"

"நானா? எனக்குக் கண்ணே சரியாத் தெரியாதும்மா."

மச்சான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். "போட்டோம் போட்டோம்னா ஆச்சா? குடுத்ததுக்கு ஆதாரம் இருந்தாக் காட்டச் சொல்லுங்க."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். உள்ளே இருந்திருந்தால் அவன் பல் கணக்கு மாறியிருக்கும். வாசலில் செருப்புக்கு நடுவில் நின்றபடி பேங்க் ஆப்பைத் திறந்தேன். என் காசில் இவனுக்கு இடமா? கார்டைப் பூட்டினேன். எனக்கு ஜில்லென்று இருந்தது. பத்தொன்பதாம் தேதி அந்த கிளவுட் கம்பெனி பணம் எடுக்க வந்து, முடியாமல் திரும்பிப் போனதாக மெசேஜ் வந்தபோது அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். அடுத்த மாதமும் வைத்தேன். நெருப்பு ஸ்மைலியோடு.

அந்த இரண்டாவது ஸ்டேட்டஸ் போட்ட வாரம்தான் அக்காவோடு வக்கீல் மேடத்தைப் பார்க்கப் போனது. மேடம் முகத்தைத் தூக்காமலே எழுதிக்கொண்டு கேட்பவர். நகைக்கடை பில் எங்கே என்றார். நகைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது, அதையும் அவர்கள்தான் வைத்திருக்கிறார்கள் என்றாள் அக்கா.

"கடையில நகல் வாங்கலாம். ஆனா பில்லு நீ வாங்குனதுக்குத்தான்மா சாட்சி. அவுங்க கையில குடுத்ததுக்கு? ஒங்க வீட்டு பீரோலயே இருக்குன்னு சொல்லிருவாங்க. கல்யாண வீடியோ இருக்கா?"

பென் டிரைவைக் கொடுத்தேன். வெட்டி ஒட்டிய வீடியோ. ட்ரோன் மேலே போகிறது, கீழே வருகிறது. மாப்பிள்ளை கூலிங் கிளாஸைக் கழற்றுகிறான், மாட்டுகிறான், மறுபடி கழற்றுகிறான். சீர் கொடுக்கிற இடம் வந்ததும் திரை முழுக்கப் பூ கொட்டி, பாட்டு ஓடி, பத்து நொடியில் முடிந்துவிட்டது. தட்டு தெரிகிறது. யார் கை என்று தெரியவில்லை.

"இத வெட்டுறதுக்கு முன்னாடி முழுசா எடுத்தது இருக்குமே. அதுல அந்தம்மா டார்ச் அடிச்சுப் பாக்குறது இருந்தா, வேற ஒண்ணும் வேணாம்" என்றார் மேடம்.

இருக்கிறது. சவுண்டோடு இருக்கிறது. ஒவ்வொரு நகையையும் இன்னதென்று சொல்லி அப்பா எடுத்து வைக்க, அவனுடைய அம்மா டார்ச் அடித்துப் பார்த்து, முத்திரை இருக்கு, இருக்கு என்று சொல்லிச் சொல்லித் தன் பக்கம் நகர்த்துவார். ஏற்றும்போது பார்த்திருக்கிறேன். ஆனால் அது உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அவனுடைய அக்கவுண்டில். பாஸ்வேர்டை அவன் எப்போதோ மாற்றிவிட்டான். பணம் கட்டுகிற கார்டை நான் பூட்டி வைத்திருக்கிறேன். மேடத்தின் டேபிளுக்குக் கீழேயே போனை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் விதிமுறைகளைப் படித்தேன். மூன்று மாதம் பணம் வராவிட்டால், இலவச இடத்துக்கு மேல் இருப்பதையெல்லாம் அழித்துவிடுவார்களாம். இரண்டு மாதப் பணம் ஏற்கனவே போகவில்லை.

சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஸ்டேட்டஸ் வச்சப்ப நான்கூட ஹார்ட்டு போட்டேன்டா" என்றாள்.

மேடம் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தம்பி, மொதல்ல அந்தக் கார்டத் திற. ஒழுங்கா மாசாமாசம் கட்டு. அதுக்குள்ள என்ன இருக்குன்னு அவனுக்கு ஞாபகம் வரக்கூடாது. அவன்கிட்ட சண்டைக்கிப் போகாத, வாயக் குடுக்காத. அந்த அக்கவுண்ட்ல இருக்கிறத அப்படியே கோர்ட்டுல குடுக்கச் சொல்லி மனு போடுறேன். அதுக்கு நாளாகும்."

ஆக, கார்டைத் திறந்தேன். அடுத்த பத்தொன்பதாம் தேதிக்கு முதல் நாள், நாளை பணம் எடுக்கப்படும் என்று பேங்க் வழக்கமாக அனுப்பும் முன்னறிவிப்பு வந்தது. மறுநாள் ஒன்பதரைக்குப் பணம் போனது. பாத்ரூமுக்குள் போய் அம்மாவுக்குப் போன் அடித்தேன்.

"போயிருச்சும்மா."

"முழுசாப் போயிருச்சா?"

"முழுசாப் போயிருச்சு."

"ஆத்தா காப்பாத்துனா" என்றார். எதிரிக்குப் பணம் போனதற்கு சாமிக்கு நன்றி சொன்ன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சீர் என்று முகத்தைத் திருப்பியவர், அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் நான் அடிப்பதற்கு முன்னாலேயே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்கா மட்டும் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: "புதுசா பைக் வாங்கிருக்கானாம். அத விதவிதமா நின்னு போட்டோ எடுப்பான்ல, அதுக்கும் சேத்துத்தான்டா நாம கட்டுறோம்." சொல்லிவிட்டு ரசத்தைக் கேட்டாள்.

இப்படி நாலு மாதம் ஓடியது. போன மாதம் வண்டிக்கு செயின் மாற்ற காளவாசல் போக வேண்டியதாகிவிட்டது. அவன் கடைப் பக்கமே திரும்பக்கூடாது என்று சிக்னலைத் தாண்டி ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். அங்கே நின்றுகொண்டிருந்தான். கூட இரண்டு பேர்.

"வா மாப்ள" என்றான், கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி. "இவன்தான்யா நான் சொன்ன ஆளு. மாசாமாசம் சீர் அனுப்புறவன்."

ஒருவன் சிரித்தான். நான் டீயை ஊதினேன்.

"நடுவுல ரெண்டு மாசம் நின்னுச்சு. போன்ல எடமில்லாம நான் பட்ட பாடு. அப்புறம் பாத்தா, தன்னால மறுபடி வந்துருச்சு. என்ன மாப்ள, அக்காவ அனுப்பி வைக்கிறதுக்கு முன்னாடி சீர அனுப்பிப் பாக்குறியாக்கும்? உங்கப்பன் சொன்னாரா?"

ஐந்தாம் வகுப்பிலிருந்து எனக்கு வாய் நீளம் என்றுதான் எல்லா டீச்சரும் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த வாயில் இருந்தது என்னவென்று இங்கே எழுதினால் அச்சில் வராது. எல்லாவற்றையும் டீயோடு சேர்த்து விழுங்கினேன். டார்ச் அடிக்கிற கை, முத்திரை இருக்கு என்கிற குரல். அதை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

"பேச்சயே காணோம். கார்டுக்குச் சாவி வெரல்ல இருக்குன்ன. எங்க, இப்பப் பூட்டு பாப்போம்."

"செஞ்ச சீரத் திருப்பி வாங்குற பழக்கம் எங்க வீட்ல இல்ல மச்சான்" என்றேன்.

அவன் கிளாஸைப் பலகையில் வைத்தான். சிரிப்பு போகவில்லை.

"அப்பிடியா? பெறகு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒங்கக்கா நகையக் கேக்குறா?"

பதில் இருந்தது. அது அவள் சீர் இல்லைடா, அவள் சம்பளம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இன்னும் ஒன்று வரும், அதற்கு நான் ஒன்று சொல்வேன், கடைசியில் வீடியோ என்ற வார்த்தை என் வாயிலிருந்து விழுந்துவிடும். என்னை எனக்குத் தெரியும். டீக்குக் காசை வைத்தேன். அவன் என் தோளில் தட்டி, "என் கணக்குல சேத்துக்கங்கண்ணே, மச்சினன்" என்று கடைக்காரரிடம் சொன்னான். நான் வைத்த காசை அந்தக் கடைக்காரர் என்னிடமே தள்ளிவிட்டார். அவன் வாங்கிக் கொடுத்த டீ என் வயிற்றில் கிடக்க, செயின் மாற்றாமலே வண்டியை ஓட்டிக்கொண்டு உசிலம்பட்டி வந்து சேர்ந்தேன். வழி முழுக்க கரகரவென்று அடித்துக்கொண்டே வந்தது.

அக்காவிடம் சொன்னபோது கோபப்படுவாள் என்று நினைத்தேன். "ஒண்ணும் சொல்லாம வந்தியா? நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு என் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள்.

போன வாரம் மனு போட்டாயிற்று. அந்த அக்கவுண்டில் இன்ன தேதியில் ஏற்றிய இன்ன வீடியோவைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும், அதுவரை எதையும் அழிக்கக்கூடாது என்று கேட்டிருக்கிறோம். நகல் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக நேற்று முன்தினம் மேடம் சொன்னார். இனி மறைக்க ஒன்றுமில்லை, அதனால்தான் இதை எழுதவே செய்கிறேன்.

"படிச்சிட்டு அழிச்சிட்டான்னா மேடம்?" என்று கேட்டேன்.

"ஏத்துனது நீ, கட்டுனது நீ. ஒவ்வொரு மாசமும் ஒன் கார்டுல இருந்து போன மெசேஜ் இருக்கு. நோட்டீஸ் வாங்குன பெறகு அழிச்சா, எதுக்கு அழிச்சேன்னு அவன்தான் ஜட்ஜுக்குச் சொல்லணும்" என்றார். "ஆனாலும் வீடியோ இருக்கிறது நல்லது தம்பி. அது வேற."

அது வேறதான். அந்தம்மா வாயால் 'முத்திரை இருக்கு' என்று சொல்வதைக் கோர்ட்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஓட விட வேண்டும். நான் ஐந்து மாதம் வாயைப் பொத்தியிருந்தது அதற்குத்தான்.

கம்பெனியில் உட்கார்ந்துதான் இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா இரண்டு தடவை போன் அடித்துவிட்டார். அக்கா அடிக்கவில்லை. முன்னறிவிப்பு நேற்று வந்தது. கார்டு திறந்துதான் இருக்கிறது, காசும் இருக்கிறது; என்னைத் தவிர இதை நிறுத்த முடிகிறவன் அவன் ஒருவன்தான். இன்று பத்தொன்பதாம் தேதி, மணி பதினொன்றே கால், பணம் இன்னும் போகவில்லை.